புற்றுச் சுவரில் மஞ்சள் மண்

மனிதர்கள் தங்கம் வெட்டி எடுத்துவிட்டு, போதுமென்று கைவிட்டுப் போன சுரங்கம் அது. மிச்சத்தை எடுக்காமல் விடுவதில்லை என்று பெருச்சாளி ஒன்று அதற்குள் மூன்று வருஷமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. வைராக்கியம் மட்டும் தேயவில்லை.

தினமும் வெளியே வந்ததும் சுரங்க வாசலில் இருந்த கறையான் புற்றில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

"அண்ணே, எங்க சுவர்ல சொறியாதீங்க," என்றது ஒரு கறையான். "அடியிலிருந்து நாங்க கொண்டுவர்ற மண்ணே சரியில்லை. மஞ்சளா என்னவோ நறநறங்குது. சுவர் நிக்கமாட்டேங்குது."

"தங்கம் தேடுறவன்கிட்ட வந்து மண்ணைப் பத்திப் பேசுறியா? போ, போ!"

ஒருநாள் பெய்த மழையில் புற்றின் ஒரு பக்கம் கரைந்தது. வெயில் வந்ததும் அந்தப் பக்கம் முழுக்க மின்னியது. பெருச்சாளி ஓடிவந்து முகர்ந்தது, நக்கிப் பார்த்தது. அசல் தங்கம்!

"நான் சொன்ன மஞ்சள் இதுதான் அண்ணே," என்றது கறையான். "நீங்க நிக்கிற இடத்துக்கு நேர் கீழே கொட்டிக் கிடக்குது."

பெருச்சாளியின் மீசை துடித்தது.

"என் சுரங்கத்துத் தங்கத்தை எவனோ அள்ளிக்கிட்டுப் போறப்ப இங்கே சிந்தியிருக்கான்! அவன் திரும்பி வர்றதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற மிச்சத்தை நான் எடுக்காம விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பழைய சுரங்கத்துக்குள் இறங்கி, முன்னைவிட வேகமாகத் தோண்ட ஆரம்பித்தது.