நாற்பத்தோராம் நிமிடம்

எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், இதை மட்டும் சொல்லக் கூடாது.

கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் நினைத்தாள். கூடத்தில் பேட்டி எடுக்க வந்தவர்கள் சோபாவை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இன்னும் பத்து நிமிடம். நேரலை.

அவரை எல்லாரும் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயரில் ஞாயிறுதோறும் நாளிதழில் வரும் பட்டியலை ஆறு வருடமாக ஊரே படிக்கிறது. பார்க்க வேண்டிய மூன்று ஆவணப்படங்கள், ஒரு நேர்காணல், ஒரு உரை. ஒவ்வொன்றின் கீழும் 'என் கண் கலங்கிய இடம்' என்று ஒரு வரி, பக்கத்தில் எத்தனையாவது நிமிடம் என்ற கணக்கு. ஏன் கலங்கியது என்று ஒருநாளும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பாதிப் பேர் படத்தையே பார்க்கிறார்கள்.

'உங்களுக்குப் பெண் மனசு சார்' என்று ஒரு வாசகி எழுதியிருந்தாள். அதை அவர் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள்.

ஆரம்பத்தில் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பட்டியல் எழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்ட மறுவாரமே கண்ணில் அறுவை சிகிச்சை. திரை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பார்த்துச் சொன்னாள், அவர் அதை வாக்கியமாக்கிச் சொல்ல அவளே எழுதினாள். இரண்டு மாதத்தில் கண் சரியாகிவிட்டது. ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அவள் எழுதி முடித்ததை அவர் ஒருமுறை படித்துவிட்டு, எங்காவது ஒரு காற்புள்ளியை எடுப்பார்.

அழுததெல்லாம் அவள்தான். துணி மடித்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு.

முன்பு ஒருமுறை காரணம் கேட்டார், சொன்னாள். வேறொரு படத்தில், சிறையிலிருந்து வெளியே வந்தவர், தன் வீட்டுக் கதவைத் தானே திறக்கத் தோன்றாமல், யாராவது திறப்பார்கள் என்று நிற்கும் இடம். அவர் அதை ஒரு மேடையில் அவளைவிட அழகாகச் சொன்னார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாரோ வந்து எடுத்துப் போய்விட்ட மாதிரி இருந்தது.

பேட்டி எடுக்கிற பெண் நேற்றே போனில் சொல்லிவிட்டாள். போன மாதம் வந்த படம், நாற்பது வருடம் பறவைகளை எண்ணியவரைப் பற்றியது. அதில் நாற்பத்தோராம் நிமிடம். முதல் கேள்வியே அதுதானாம். அவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்களாம்.

பக்கத்தில் நின்ற கணவரின் நெற்றி முழுக்க வியர்வை. பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருடத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"காலையிலேர்ந்து நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டேம்மா. அந்தாள் நாற்காலில உக்காந்து எத்தன கொக்குன்னு சொல்றாரு, அவ்வளவுதான். கொக்குக் கணக்குக்கு எவனாவது அழுவானா? நான் எதுக்கு அழுதேன்னு சட்டுனு சொல்லிடு, போய் உக்காரணும்."

நாலு தடவை பார்த்தும் அவருக்குக் கேட்கவில்லை.

அந்த நிமிடத்தில் பறவைக்காரருக்கு ஒரு வருடத்தின் எண்ணிக்கை மறந்துபோகும். வாயைத் திறந்தபடி தவிப்பார். திரையில் தெரியாத எங்கிருந்தோ, பக்கத்து அறையாக இருக்கலாம், ஒரு பெண் குரல், 'ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு' என்று சொல்லும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கேமராவிடம், 'ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு' என்பார். கேமராவும் திரும்பாது. படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது அவள் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படித்தாள். அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை.

கூடத்திலிருந்து, "சார், வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்கள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லைங்க," என்றாள். "அன்னிக்கு வெங்காயம் அரிஞ்சுகிட்டே பாத்திருப்பேன்."