முதல் விதி

புதுமுறைப் பயிற்சிக்கு வந்த ஆராவமுதன் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை, பயிற்சி தரும் பாகீரதி மறுபடியும் துளையிட்ட கார்டுகளோடு குப்பைக்கூடையில் போட்டாள்.

“விடை சரியாத்தானேம்மா வரது?”

“வரது சார். ஆனா முதல்ல வெச்ச மதிப்பை அழிச்சுட்டு, அதே இடத்துல வேற எழுதறேள். இந்த முறையில ஒரு தடவை எழுதினதை மாத்தவே கூடாது.”

“பத்து வருஷ அனுபவம்மா, கை தானாப் போறது.”

“அந்த அனுபவம்தான் தொந்தரவு.”

அறிக்கையில் ‘தேறவில்லை’ என்று எழுதினாள். ஆராவமுதன் அதை எட்டிப் பார்த்தார்.

“வேலையே போயிடும்மா. மாத்தி எழுதிடேன்!”

பாகீரதி பேனாவை மூடினாள்.

“அறுபத்திமூணாம் வருஷ இன்டர்வியூல ‘அனுபவம் இல்லை’ன்னு என்னைக் கழிச்சேள். காக்ஸ் டவுன்ல உங்க வீட்டு வாசல்ல வந்து அழுதேன். ‘எழுதினதை மாத்த மாட்டேன்’னேள். இந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான் சார்.”