உத்தரவு

ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டு வாசலில் அப்பா வீரமலை வந்து நின்றதும் ரெங்கராஜ் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். தொட்டியம் பக்கத்துக் கோயில் பூசாரி அவர். ஒரு கையில் சாக்குப்பை. மறுகையில் ரெங்கராஜின் தொடர்கதை வரும் வாரப் பத்திரிகை.

“இந்தக் கொலைகாரப் பூசாரி நான்தானேடா?”

“வெறும் கதைதாங்கப்பா...”

“ஒம்பது பேரை வெட்டியிருக்கான். ஒருத்தன் தலையிலயாவது தண்ணி ஊத்திச் சாமிகிட்ட உத்தரவு கேட்டானா? நான் உத்தரவு இல்லாம ஒரு கெடாவையாவது வெட்டியிருக்கேனா?”

குடிக்கக் கொடுத்த செம்புத் தண்ணீரை அவன் தலையிலேயே கவிழ்த்துவிட்டு, பையிலிருந்து அரிவாளை எடுத்தார்.

கெடா உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதில் ஒவ்வொரு திருவிழாவிலும் ‘சிலுப்பாதே, சிலுப்பாதே’ என்று கெடாவுக்காக அழுதவன், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிடரித் தண்ணீர் முதுகில் இறங்கியது. உடம்பு தானாகச் சிலுப்பியது.

“உத்தரவு கெடைச்சிருச்சு” என்றார் அப்பா.

ரெங்கராஜ் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவன் கையைப் பிடித்து இழுத்து, அரிவாளின் பிடியை அதில் வைத்து அழுத்தினார்.

“எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. வர்ற பங்குனித் திருவிழாவுக்கு நீதான்டா பூசாரி.”