இடது பக்கம் உட்கார்ந்தவர்கள்

"தம்பி இடதுசாரியா?"

வீட்டுக்காரர் வெள்ளைத்துரை இப்படிக் கேட்டதும், ராஜாராம் குடித்துக்கொண்டிருந்த காபியை அவசரமாகக் கீழே வைத்தார். கே.கே. நகரில் அவர் வாடகைக்குப் பார்க்கும் ஒன்பதாவது வீடு இது. தொழிற்சங்கத் தோழர் என்று தெரிந்ததுமே, முந்தைய எட்டு வீட்டுக்காரர்களும் ஊரிலிருந்து தங்கச்சி குடிவரப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே தங்கச்சியாக இருக்கலாம்.

அதனால் இன்று சிவப்புச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, காளவாசல் சிக்னலில் நின்றபோதே நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயையோ, இல்ல சார்! அதுக்கு அர்த்தமே எனக்குத் தெரியாது. ரோட்டுல இடது பக்கமாப் போறவங்களா?"

மனைவி வசுந்தராவுக்குப் பொறுக்கவில்லை. அவள் வரலாற்று டீச்சர். தப்பான பதிலைக் கேட்டால் திருத்தாமல் விடமாட்டாள்.

"அது பிரெஞ்சுப் புரட்சியில வந்த பேரு சார். சபையில ராஜா பக்கம் பேசுனவங்க தலைவருக்கு வலது கைப்பக்கம் உக்காந்தாங்க. ராஜாவோட அதிகாரத்தக் குறைக்கணும்னவங்க இடது பக்கம். அந்தப் பேரே நின்னுபோச்சு."

ராஜாராம் அவள் காலை மிதித்தார்.

"காலை மிதிச்சா வரலாறு மாறிருமா?" என்றாள் அவள்.

"அடேயப்பா, இம்புட்டுத் தெரியுதா!" என்றார் வெள்ளைத்துரை. "முன்னால இங்க குடியிருந்தவரும் அந்தக் கூட்டந்தான். தெருவையே கூட்டிட்டுப் போயி மெயின் ரோட்டுல உக்கார வச்சிட்டாரு. ஒரு பஸ்ஸு நகரல."

"அராஜகம் சார்! எனக்கு அவங்களக் கண்டாலே ஆகாது. கோஷம் கேட்டாக் காது வலிக்கும்."

"அப்ப போராட்டம் கீராட்டம்னு ஒரு நாளும் போனதில்ல?"

"கனவுல கூட இல்ல சார்!"

வெள்ளைத்துரை பெருமூச்சு விட்டார்.

"அவரு அப்படி உக்காந்ததுனாலதான் இந்தத் தெருக் குழாய்ல தண்ணியே வந்துச்சு. அவரு எழுமலைக்கு மாறிப் போனாரு, தண்ணியும் கூடவே போயிருச்சு. இன்னொரு தோழர் கிடைக்க மாட்டாரான்னு ரெண்டு மாசமா வீட்டப் பூட்டி வச்சிருக்கேன்."

ராஜாராம் வாயைத் திறப்பதற்குள் சாவி வசுந்தராவின் கைக்குப் போயிருந்தது.

"வீடு உனக்குத்தான் தாயி. இந்த ஆளையும் கூட வச்சுக்கிறதுன்னா, அது உன் இஷ்டம்."