காலர் முனை

"உண்மையான திறமைசாலி எவனும் உலகத்துல தன்னைத்தானே காட்டிக்கிட்டதில்ல," என்று தையல்காரர் தீர்ப்பளித்தார். "உன் தையல் வீடியோவைப் பாக்குறவன் வேலைவெட்டி இல்லாதவன்."

மனைவியின் முகம் தொங்கிவிட்டது. வீடியோ போட்டதிலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. "இன்னைக்கும் யாரும் எதுவும் கேக்கலைன்னா அழிச்சிடறேங்க."

மத்தியானம் வீடியோவுக்குக் கீழே 'ரோஜா' என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: 'காலர் முனை கூராக வரவில்லை. என்ன செய்வது?'

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தைக்கும்போதே முனையில் ஒரு நூலைக் கோத்துவிட்டு, காலரைத் திருப்பியதும் அதைப் பிடித்து இழுக்கச் சொல்லிப் பதில் போட்டாள்.

சாயங்காலம் மிஷினிலிருந்து தையல்காரர் கத்தினார். "ஏம்மா, நூலை இழுக்கச் சொன்னியே, அறுந்துபோச்சு!"

"உங்ககிட்ட எப்பங்க சொன்னேன்? ரோஜாகிட்டதானே சொன்னேன்!"

தையல்காரர் குனிந்து, கீழே விழாத ஊசியை வெகுநேரம் தேடினார்.

சற்றுப் பொறுத்து அவள் போன் சிணுங்கியது. ரோஜா கேட்டிருந்தார்: 'ரெட்டை நூலாகப் போடலாமா?'