ஏழாவது மூட்டை

"அந்த மொட்டைக் கடுதாசியை எழுதின கை விளங்காமப் போகட்டும்" என்றாள் வெண்கலம்.

ஊரில் அவளுக்கு அதுதான் பேர். குரல் அப்படி. வாசலில் நின்று அவள் பேசினால் கொல்லையில் கட்டியிருக்கும் மாடு இரண்டும் காதை விறைத்துக்கொள்ளும்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். கடுதாசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு மாசா மாசம் வரும் அரசாங்கப் பணம் மூன்று வருஷமாக இந்த வீட்டுக்கும் வருகிறது, வெண்கலத்தின் பேரில். குடும்பம் தலையெடுத்துவிட்டது, இனி நிறுத்திவிடலாம் என்று யாரோ பேர் போடாமல் எழுதியிருக்கிறார்கள்.

வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரோ என்ன யாரோ? ஒரு பேர் கழிஞ்சா வரிசையில அடுத்த பேர் உள்ளே வரும்ல? அடுத்தது யாருன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம்."

அதிகாரி பட்டியலைப் புரட்டினாள். அடுத்த பேர் பக்கத்து வீட்டுக்காரியுடையது.

"நான் சொல்லலை?"

பக்கத்து வீட்டுக்காரி வேறு யாருமில்லை, ஓரகத்திதான். புருஷனுடைய தம்பி பெண்டாட்டி. வரப்பை யார் வெட்டினது என்ற சண்டையில் நாலு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று புருஷனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். அவனும் எடுத்ததில்லை. வாயைத் திறந்தால்தானே எடுப்பதற்கு! இப்போதும் கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அதிகாரி கடுதாசியை வாசித்தாள். கறவை மாடு இரண்டு. ஓலைக்குப் பதில் தகரக் கூரை. மூத்த பெண் நர்ஸ் படிப்பு.

வெண்கலம் ஒன்றையும் மறுக்கவில்லை. மறுப்பானேன்? ராத்திரி பகல் பார்க்காமல் பாடுபட்டுச் சேர்த்தது.

"முன்னெல்லாம் பயிர் பச்சையா நிக்கும்போதே வியாபாரிக்குப் பாதி விலைக்குக் கொடுத்துட்டு, அதே வயல்ல கூலிக்கு அறுத்தவங்க நாங்க. ஒண்ணாந்தேதி ஆனா பணம் வந்துரும்ங்கற தெம்புலதான் பொறுத்திருந்து விக்க முடிஞ்சுது. இந்த வருஷம் விதைக்குக்கூட யார் வாசலையும் மிதிக்கலை."

போன போகத்தில் அதே வியாபாரி ஓரகத்தி வீட்டு வயல் வரப்பில் நின்று பச்சையாகவே விலை முடித்துக்கொண்டு போனான். வெண்கலம் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீட்டில் தானியம் ஏழு மூட்டை" என்று வாசித்தாள் அதிகாரி.

"ஆறு" என்றாள் வெண்கலம். முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இதோ மாட்டிக்கிட்டா பாருங்க. புளுகு. வாங்க, நீங்களே எண்ணுங்க."

உள் அறையில் சுவரோரம் அடுக்கியிருந்தது. அதிகாரி எண்ணினாள். ஆறுதான்.

"அக்கா, ஏழாவது பரண் மேல வைக்கோலுக்கு அடியில இருக்குன்னு எழுதியிருக்கு."

வெண்கலம் சிரித்தாள். ஏணியை அவளே எடுத்துச் சாத்தினாள். அதிகாரி ஏறி வைக்கோலை விலக்கினாள். வாய் தைத்த ஒரு மூட்டை இருந்தது.

வெண்கலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. தன் வீட்டுப் பரணில் தனக்கே தெரியாமல் ஒரு மூட்டையா? நமக்கே தெரியாதது அடுத்த வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்?

மெதுவாகத் திரும்பினாள். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைப் பிசைவதுகூட நின்றிருந்தது.

"தம்பி வீட்டுக்கு எடுத்து வச்சேன்" என்றான். "அவன்கிட்ட விதைக்கு ஒரு மணி இல்லை."

தன் மேலேயே புகார் எழுதும்போதும் ஒரு மூட்டையைக் குறைத்து எழுதத் தெரியாத மனுஷன். அடப் பாவி மனுஷா என்று மனசுக்குள் அலறினாள். வெளியே சத்தம் வரவில்லை. வெண்கலத்துக்குக் குரல் வராமல் போனதை அந்த வீடு அன்றைக்குத்தான் பார்த்தது.

அதிகாரிக்குப் புரிந்ததோ இல்லையோ, ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள். கையெழுத்தில்லாத புகாரை ஆபீசில் ஏற்க மாட்டார்கள், ஒரு கடமைக்குத்தான் வந்தேன், பணம் வழக்கம் போல ஒண்ணாந்தேதி வந்துவிடும், பயப்படாதீர்கள் என்றாள். கடுதாசியைக் கிழிக்கப் போனாள்.

"இருங்க. அதை இப்படிக் கொடுங்க."

வாங்கிப் பார்த்தாள். புருஷனின் அதே கோணல் எழுத்து. கோபம் கோபமாக வந்தது. இருபது வருஷம் கூடவே குடித்தனம் நடத்துகிறவளிடம் சொல்ல பயந்து, ஊர் பேர் தெரியாத அதிகாரிக்கு எழுதியிருக்கிறானே! அப்படி என்ன ராட்சசியா நான்?

ஜன்னல் வழியே பக்கத்து வீடு தெரிந்தது. பொத்தல் கூரை மேல் ஒரு பழைய தார்ப்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக் கூரையிலும் அப்படி ஒன்று கிடந்தது.

"மேடம், பேனா இருக்கா?"

கீழே உட்கார்ந்து, கடுதாசியைத் தொடை மேல் விரித்து, அடியில் காலியாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி வாயைப் பிளந்து நின்றாள்.

பிறகு, விளங்காமப் போகட்டும் என்று காலையிலிருந்து தான் சபித்துக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பரண்ல ஏறி மூட்டையை இறக்குங்க. நீங்க தூக்கிட்டு வாங்க, நான் முன்னாடி போய்க் கதவைத் தட்டறேன்."