வேலிப் பொட்டும் வழி உரிமையும்

செம்மஞ்சள் அங்கி போட்ட அந்தப் பெரிய மனிதன் கம்பி வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வழி காட்டினான்.

“ப்ளீஸ், கோ அஹெட்.”

இராஜரட்ணம் சடாரென்று நின்றார். பின்னால் வந்த மனைவி ஜெயமலர் அவருடைய முதுகில் முட்டிக்கொண்டாள்.

“ஏனப்பா நிண்டிட்டியள்? ஏழுக்கு இன்னும் பதினைஞ்சு நிமிசம்தான் கிடக்கு.”

“ரயில்வேக்காரன் போகச் சொல்லுறான்,” என்றார் இராஜரட்ணம், தூக்குத் தீர்ப்பைக் கேட்டவர் போல.

ஸ்காபரோவில் அவர்களுடைய அடுக்குமாடிக்கும் பிஸ்கற் பக்டரிக்கும் நடுவே ரயில் பாதை. பொட்டுக்குள்ளால் போனால் ஆறு நிமிடம். சுற்றிப் போனால் இரண்டு பஸ், ஐம்பது நிமிடம்.

போன கிழமை ரயில்வே ஆட்கள் பொட்டைக் கம்பியால் தைத்து, உள்ளே நுழையக் கூடாதென்று ஒரு பலகையும் தொங்கவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து யாரோ கம்பியை வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் இருவரும் வேலைக்குப் பிந்தினார்கள். மூன்றாம் தரம் பிந்தினால் வீட்டோடேயே நிற்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான்.

அன்று பின்னேரமே இராஜரட்ணம் விசயத்தைக் கையில் எடுத்தார்.

இங்கே அவர் பிஸ்கற்றுக்கு உறை போடுகிறார். யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு வருடம், கோர்ட்டில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்தரிடம் கிளாக்கராக இருந்தவர். அடுத்தவன் காணிக்குக் குறுக்கே இருபது வருடம் நடந்தால் அந்த வழி நடந்தவனுக்கு உரிமையாகிவிடும். இது இங்கிலாந்துச் சட்டம். கனடாவின் நாணயக் குத்தியிலும் மகாராணியின் தலைதான் இருக்கிறது, ஆகவே இங்கேயும் அதுதான் சட்டம் என்று அவர் முடிவுகட்டினார். ரயில்வே காணிக்கு இது செல்லாதென்று இங்கிலாந்திலேயே பிற்பாடு ஒரு சட்டம் போட்டது அவருக்குத் தெரியும். அதை ஜெயமலருக்குச் சொல்லவில்லை.

அவர்கள் நடக்கத் தொடங்கியது எண்பத்தாறு மே மாதம். இப்போது நவம்பர்.

நடப்பதற்கும் முறை இருந்தது. பலவந்தமாக நடக்கக் கூடாது. களவாக நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காணிக்காரனிடம் அனுமதி வாங்கி நடக்கக் கூடாது. அனுமதி கிடைத்த அந்த நிமிடமே உரிமை போயிற்று.

இந்தத் தடியன் அதைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டான்.

இராஜரட்ணம் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, கோர்ட்டு ஆங்கிலத்தில், அனுமதியைத் தயவுசெய்து வாபஸ் வாங்கும்படி அவனைக் கேட்டார்.

அவன் யோசித்தான். கம்பியை விட்டான். உள்ளங்கையைக் காட்டி, “ஓகே. டோன்ட் கோ,” என்றான்.

இராஜரட்ணம் திருப்தியோடு குனிந்து பொட்டுக்குள் நுழைந்தார். பாதி உடம்பு உள்ளே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வேண்டாமென்று சொன்ன பிறகு நுழைந்தால் அது பலவந்தம். பின்பக்கமாகவே வெளியே வந்தார்.

“அவனை அங்காலை திரும்பி நிக்கச் சொல்லுங்கோவன்,” என்றாள் ஜெயமலர். குளிரில் அவளுடைய மூக்கு ஒழுகியது.

“அவன் பாக்காட்டி அது களவு.”

“இன்னும் எவ்வளவு காலத்துக்கு இந்தக் கூத்து?”

“பத்தொன்பதரை வருசம்.”

“அப்ப எனக்கு அறுபத்தெட்டு வயசு. பென்சன் எடுத்துப்போட்டு பிஸ்கற் பக்டரிக்கு என்னத்துக்குப் போறது?”

இராஜரட்ணம் அந்த மனிதனிடம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். நீ இங்கேயே நிற்க வேண்டும். நாங்கள் போவதை வடிவாகப் பார்க்க வேண்டும். போ என்றும் சொல்லக் கூடாது, போகாதே என்றும் சொல்லக் கூடாது. தலையும் ஆட்டக் கூடாது.

அவன் கவனமாகக் கேட்டான். பிறகு பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, செத்தவீட்டில் நிற்பவன் போல அசையாமல் நின்றான்.

இராஜரட்ணம் நிமிர்ந்த மரியாதையோடு குனிந்து நுழைந்தார். ஜெயமலர் சாப்பாட்டுப் பையோடு பின்னால் போனாள். போகும்போது அவள் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்க, இராஜரட்ணம் கையைப் பிடித்து இழுத்தார்.

“தாங்க்ஸ் சொல்லிப்போடாதை. சொன்னா அவன் ஏதோ தந்தமாதிரிப் போயிடும்.”

தண்டவாளத்துக்கு அப்பால் போய்த் திரும்பிப் பார்த்தார். அவன் இமை வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். ரயில்வே கண்டது; கண்டும் பேசாமல் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அப்புக்காத்தர் வென்ற வழக்குகளுக்குப் பைல் தூக்கியவர், இன்றைக்குத்தான் தானே ஒன்றை வென்றிருந்தார். மிச்ச வழி முழுக்க ஜெயமலரால் அவரோடு எட்டி நடக்க முடியவில்லை.

பக்டரி வாசலில் நேரம் பதிகிற மெசினுக்கு முன்னால் வரிசை குறைந்திருந்தது. ஜெயமலர் காட் அடித்தாள். ஆறு ஐம்பத்தொன்பது. இராஜரட்ணமும் அடித்தார். ஆறு ஐம்பத்தொன்பது.

அவர் சால்வையை அவிழ்த்து மடித்து முடிக்கும்போது, அவருடைய தலைக்கு மேலால் ஒரு செம்மஞ்சள் கை நீண்டு வந்து, தட்டிலிருந்து இன்னொரு காட்டை எடுத்தது. பெயர்: எட்வேட். பகுதி: லோடிங். திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

“பொம்பிளை வாறாளெண்டு விலத்தி வழி விட்டிருக்கிறான், பாவம்,” என்றாள் ஜெயமலர் மெதுவாக.

மெசின் ‘டங்’ என்று அடித்தது. ஏழு ஒன்று. சிவப்பு மையில் விழுந்தது.

எட்வேட் அதைப் பார்த்தான். தொப்பி இன்னும் அவனுடைய நெஞ்சோடுதான் இருந்தது. இனி வாய் திறக்கலாமா என்று கேட்பது போல, இராஜரட்ணத்தைப் பார்த்தான்.